அந்நியரைத் தேடும் அரசு யாரைப் பிடிக்கிறது?

சந்திரன் குகதாஸ் என்ற பெயர் நம் பத்திரிகைகளில் அடிபடுவதில்லை. அரசியல் தத்துவம் படிப்பவர்களிடம் சொன்னால் உடனே தெரியும் என்பார்கள். 1957இல் மலேசியாவில் பிறந்தவர். அவுஸ்திரேலியராகி, ஒக்ஸ்போர்டில் கலாநிதிப் பட்டம் பெற்று, மூன்று கண்டங்களில் பேராசிரியராக இருந்தவர். தனிமனித சுதந்திரமே முதல், அரசின் அதிகாரம் எங்கெல்லாம் நீள்கிறதோ அங்கெல்லாம் அதைக் கேள்வி கேட்க வேண்டும் என்று வாதிடும் சிந்தனையாளர் வரிசையில் அவருக்கு முக்கியமான இடம் உண்டு. 2021இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் வெளியிட்ட ‘இமிக்ரேஷன் அண்ட் ஃபிரீடம்’ என்ற நூலில் அவர் சொல்வதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: வெளியாரைத் தடுக்கப் புறப்படும் அரசு, அந்த வேலையைச் செய்வதற்காகத் தன் சொந்தக் குடிமக்களைத்தான் கட்டிப்போட வேண்டியிருக்கிறது.

நான் இருப்பது நாவுலயில். மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் நடுவே ஏ-9 வீதியில், எலஹெரவுக்குத் திரும்பும் சந்தி எங்களுடையது. சிங்களவர்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். இந்த வீதியின் பழைய தடத்தில்தான் 19ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து வந்த கூலியாட்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளை, நாலந்தா தாண்டி, மாத்தளைக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. என் அப்பாயியின் பாட்டன் அப்படி நடந்து வந்தவர்களில் ஒருவர் என்று வீட்டில் சொல்வார்கள். தோட்டப் பாடசாலைகளில் சமூகக் கல்வி படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். பேராதனையில் அரசறிவியல் படிக்கும் பழைய மாணவி ஒருத்திதான் குகதாஸின் நூலைக் கொண்டுவந்து தந்தாள். “வாசிச்சுப் பாருங்க டீச்சர், நம்ம வீட்டு டிரங்குப் பெட்டியைத் தெறந்து வச்சிக்கிட்டு எழுதினாப்புல இருக்கு” என்றாள். வாசித்தேன். அவள் சொன்னது சரி.

முதலில் ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கன்பராவில் அவுஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் இளங்கலை, நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் முதுகலை, பிறகு ஒக்ஸ்போர்ட். திரும்பி வந்து கன்பராவில் உள்ள பாதுகாப்புப் படைக் கல்லூரியில், நாளைக்குப் படை அதிகாரிகளாகப் போகிற இளைஞர்களுக்கு அரசியல் படிப்பித்தார். அரசின் கையில் இருக்கும் பலத்தை ஓயாமல் சந்தேகிக்கிற ஒருவர் சீருடை போட்ட பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்திருக்கிறார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 2003இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகம், 2007இல் லண்டன் ஸ்கூல் ஒஃப் இக்கனொமிக்ஸில் அரசியல் கோட்பாட்டுப் பேராசிரியர் பதவி, அதன் பிறகு சிங்கப்பூர் முகாமைத்துவப் பல்கலைக்கழகம்.

அவருடைய முதல் நூல் 1989இல் வந்தது. ஃபிரெட்ரிக் ஹயெக்கைப் பற்றியது. அரசு திட்டம் போட்டுப் பொருளாதாரத்தை நடத்தப் போனால் அது மக்களை அடிமைப்படுத்துவதில்தான் முடியும் என்று 1944இல் எழுதி, 1974இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர் ஹயெக். சுதந்திரச் சந்தையை விரும்புகிறவர்களுக்கு அவர் குலதெய்வம் மாதிரி. குகதாஸும் அந்தப் பக்கத்தவர்தான். ஆனாலும் தன் முதல் நூலிலேயே அந்தக் குலதெய்வத்தின் அத்திவாரத்தைத் தட்டிப் பார்த்தார். மனித அறிவுக்கு எல்லை உண்டு, வழக்காறுகளை நம்பி நடக்க வேண்டும் என்கிற டேவிட் ஹியூமின் சிந்தனையையும், பகுத்தறிவால் எல்லோருக்கும் பொதுவான நீதியைக் கண்டடையலாம் என்கிற இம்மானுவல் கான்ட்டின் சிந்தனையையும் ஹயெக் ஒன்றாகக் கட்டப் பார்த்தார், அந்தக் கட்டு நிற்கவில்லை என்பது குகதாஸ் கண்ட முடிவு. தன் பக்கத்துப் பெரியவரையே இப்படி உரசிப் பார்க்கிறவரின் பேச்சைக் கேட்கலாம் என்ற நம்பிக்கை எனக்கு அந்த இடத்தில்தான் வந்தது. அதே ஹயெக் 1931 முதல் 1950 வரை படிப்பித்த லண்டன் நிறுவனத்துக்குத்தான் பின்னாளில் இவரும் போய்ச் சேர்ந்தார்.

அடுத்து வந்தது அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த சண்டை. கனடாவின் வில் கிம்லிக்கா, சிறுபான்மைப் பண்பாடுகளுக்குக் குழு உரிமைகள் வேண்டும், தாராளவாதிகளும் அதை ஏற்க வேண்டும் என்று 1989இல் எழுதினார். 1992இல் குகதாஸ் ஒரு கட்டுரையில் திருப்பிக் கேட்டார்: பண்பாட்டு உரிமை என்று ஒன்று உண்டா? குழுக்கள் கல்லில் செதுக்கியவை அல்ல; அரசியலும் சட்டமும் மாறும்போது அவையும் உருமாறும். ஒரு குழுவுக்குள்ளேயே மேலே இருப்பவர், கீழே இருப்பவர் உண்டு. குழுவுக்கு உரிமை என்று அரசு தூக்கிக் கொடுக்கும்போது அது மேலே இருப்பவர் கையில்தான் போய்ச் சேரும். ஆகவே உரிமை தனிமனிதருக்கே. அந்தத் தனிமனிதர் விரும்பியவர்களோடு சேர்ந்து விரும்பியபடி வாழட்டும். பிடிக்காவிட்டால் விலகிப் போகட்டும்.

இலங்கைத் தமிழருக்கு இது விழுங்கக் கஷ்டமான மருந்து. 1956ஆம் ஆண்டு சிங்களம் மட்டும் சட்டம் வந்த நாளிலிருந்து நாம் குழுவாகத்தான் அடி வாங்கினோம், குழுவாகத்தான் உரிமை கேட்டோம். அரசு எந்தப் பண்பாட்டையும் தன் பண்பாடாக எடுத்துக்கொள்ளக் கூடாது, யார் எந்த இனம் என்பதில் அதற்கு அக்கறையே இருக்கக் கூடாது என்கிறார் குகதாஸ். 1956இல் அப்படி ஓர் அரசு இருந்திருந்தால் நமக்கு வேறெதுவும் கேட்கவே தேவை இருந்திருக்காது. ஆனால் அடி குழுவின்மேல் விழுந்த பிறகு, நிவாரணத்தை மட்டும் தனித்தனி ஆளாய் வரிசையில் நின்று கேள் என்றால் எப்படி? இந்த இடத்தில் நான் கிம்லிக்கா பக்கம். அதேவேளை, மேலே இருப்பவர் கையில்தான் போய்ச் சேரும் என்று குகதாஸ் சொன்னதைத் தோட்டத்தில் வளர்ந்த எவராலும் மறுக்க முடியாது. கூலிகளின் பெயரில் பேசியவர் அவர்களைக் கூட்டிவந்த பெரிய கங்காணி. தொழிலாளியின் பெயரில் பேசியவர் தொழிற்சங்கத் தலைவர். கொழுந்து பறிக்கிற பெண்ணின் வாயிலிருந்து ஒரு சொல் மேடைக்கு வர நூறு வருடத்துக்கு மேலானது.

2003இல் வந்த ‘த லிபரல் ஆர்க்கிபெலகோ’ இந்தச் சிந்தனையின் முழு வடிவம். நல்ல சமுதாயம் என்பது தீவுக்கூட்டம் போன்றது என்கிறார். ஒவ்வொரு சமூகமும் ஒரு தீவு. எந்தத் தீவும் இன்னொன்றை ஆளவில்லை. நடுவே இருக்கிற கடல்தான் சகிப்புத்தன்மை. எல்லோரையும் ஒரே நீதியின் கீழ், ஒரே தேசமாக வார்த்தெடுப்பது அரசின் வேலை இல்லை. மனச்சாட்சிக்கு விரோதமாக ஒருவரை எதற்குள்ளும் பிடித்து வைக்காதிருந்தால் போதும்.

உடனே எழும் கேள்வியைப் பலரும் கேட்டார்கள். ஒரு தீவுக்குள் பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதில்லை என்றால்? பெண்ணியத் தத்துவவாதி சூசன் ஓக்கின், சமூகம் என்ற பெயரில் பெண்கள் நசுக்கப்படுவதைக் குழு உரிமை பேசுவோர் பார்க்கத் தவறுகிறார்கள் என்று எழுதினார். அரசியல் தத்துவவாதி பிரயன் பாரி 2001இல் குகதாஸைப் பெயர் சொல்லியே கண்டித்தார். சகித்துக்கொள்ளக் கூடாததையும் சகிக்கச் சொல்கிறீர்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. தலையிடும் அதிகாரத்தை யாரிடம் கொடுக்கப் போகிறீர்கள், அவருடைய யோக்கியதை என்ன என்பது குகதாஸ் தரப்பின் பதில். இது வெறும் வாய்ச் சாமர்த்தியமான பதில் இல்லை. அவுஸ்திரேலியாவில் பழங்குடிப் பிள்ளைகளைத் தாய்மாரிடமிருந்து பிரித்தெடுத்தது அரசுதான், அந்தப் பிள்ளைகளின் நன்மைக்கு என்று சொல்லியே பிரித்தார்கள். நாட்டின் பிரதமர் அதற்கு மன்னிப்புக் கேட்க 2008 வரை ஆனது.

ஆனால் விலகிப் போகும் உரிமை என்பதை நான் தோட்டத்தில் வைத்துப் பார்க்கிறேன். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருக்கும் ஒரு பெண்ணைப் போகாதே என்று எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஆனால் அவள் குடியிருக்கும் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். வேலையை விட்டால் காம்பராவை விட வேண்டும். கையில் காணி உறுதி கிடையாது. கடிதம் வந்தால்கூடத் தோட்டத்தின் பெயருக்குத்தான் வரும். நாவுல சந்தியில் பஸ் ஏறி எங்கே இறங்குவது? கதவு திறந்திருக்கிறது, வாசலுக்கு அப்பால் தரை இல்லை. தரை இல்லாதவருக்கு விலகும் உரிமை எந்த அளவுக்கு உரிமை என்பதற்கு குகதாஸின் எழுத்தில் எனக்குப் போதுமான பதில் கிடைக்கவில்லை.

இப்போது 2021ஆம் ஆண்டு நூலுக்கு வருகிறேன். இதில் நான் அவரோடு ஏறக்குறைய முழுக்க உடன்படுகிறேன்.

குடிவரவு என்றதும் நம் மனதில் எல்லைக்கோடும் கடற்படைப் படகும் வருகின்றன. குகதாஸ் நம்மை உள்ளே திரும்பிப் பார்க்கச் சொல்கிறார். ஒருவர் நாட்டுக்குள் காலடி வைப்பது மட்டுமே அரசுக்குப் பிரச்சினை இல்லை. சுற்றுலாப் பயணிகளை மாலை போட்டு வரவேற்கிறோமே! வந்தவர் வேலை செய்கிறாரா, வீடு வாடகைக்கு எடுக்கிறாரா, படிக்கிறாரா, கல்யாணம் கட்டுகிறாரா என்பதுதான் பிரச்சினை. வேலை செய்ய ஒரு முதலாளி வேண்டும், வாடகைக்கு ஒரு வீட்டுக்காரர், கல்யாணத்துக்கு ஒரு மாப்பிள்ளையோ பெண்ணோ. இவர்கள் எல்லோரும் குடிமக்கள். ஆகவே இவர்களைக் கண்காணிக்காமல், இவர்களிடம் பத்திரம் கேட்காமல், மீறினால் தண்டிக்காமல் குடிவரவைக் கட்டுப்படுத்த வழியே இல்லை. அதோடு, உள்ளார் யார், வெளியார் யார் என்பது நெற்றியில் எழுதியிருப்பதில்லை. அதைக் கண்டுபிடிக்க எல்லோரையும்தான் சோதிக்க வேண்டும்.

இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுக்காரர்களையே குடிவரவு அதிகாரிகளாக்கியது. வாடகைக்கு வருபவரின் பத்திரத்தை அவர்களே சரிபார்க்க வேண்டும். நான்கு வருடம் கழித்து, கரீபியன் தீவுகளிலிருந்து சிறுவயதில் சட்டப்படி வந்து வாழ்நாள் முழுக்க அங்கேயே உழைத்தவர்கள் பலர் வேலையையும் வைத்தியத்தையும் இழந்ததும், சிலர் நாடு கடத்தப்பட்டதும் அம்பலமானது. அவுஸ்திரேலியா 2001இல் தன் சொந்தக் குடிமகள் ஒருவரை, அதுவும் விபத்தில் காயப்பட்டிருந்தவரை, பிலிப்பைன்ஸுக்கு நாடு கடத்தியது. 2005இல்தான் அவர் அங்கே இருப்பது தெரியவந்தது. இவையெல்லாம் தவறிப்போய் நடந்தவை என்று அரசுகள் சொல்கின்றன. சல்லடை போட்டால் இப்படித்தான் விழும் என்பது குகதாஸ் தர்க்கத்தின் முடிவு.

நமக்கு லண்டனுக்கும் கன்பராவுக்கும் போக வேண்டியதில்லை. இந்த வீதி வழியே வந்தவர்களின் கதை போதும்.

1947 தேர்தலில் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. அடுத்த வருடம் சுதந்திரம். சுதந்திர நாட்டின் பாராளுமன்றம் செய்த முதல் வேலைகளில் ஒன்று 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். அதில் ‘இந்தியத் தமிழர்’ என்ற சொல் கிடையாது. எல்லோருக்கும் பொதுவாக எழுதப்பட்டது. இலங்கையில் பிறந்த ஒருவர், தன் தந்தை இங்கே பிறந்தார் என்று காட்ட வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்கள் என்று காட்ட வேண்டும். அந்த எழுத்துப்படி பார்த்தால் நாவுலயில் வயல் செய்த சிங்கள விவசாயியும் தன் தகப்பனின் பிறப்பைக் காட்டக் கடமைப்பட்டவர்தான். அவரிடம் எவரும் கேட்கவில்லை. லயத்தில் இருந்தவரிடம் கேட்டார்கள். கோடக்கன் பிள்ளை என்பவர் தொடுத்த வழக்கு லண்டன் கோமறைக் கழகம்வரை போய் 1953இல் தோற்றது. சட்டம் எந்தச் சமூகத்தையும் குறிவைக்கவில்லை என்பது தீர்ப்பு. எல்லோருக்குமான சோதனை எப்படிச் சிலருக்கான தண்டனையாகிறது என்று படிப்பிக்க இதைவிடப் பொருத்தமான பாடம் எனக்குத் தெரியாது.

1949இல் இன்னொரு சட்டம் வந்தது. திருமணமானவர் 7 வருடம், ஆகாதவர் 10 வருடம் விடாமல் இங்கே வசித்ததைக் காட்டினால் பிரஜாவுரிமை கோரலாம். சுமார் 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக மனுக்கள் போனதாகவும் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கே கிடைத்ததாகவும் வரலாற்று நூல்கள் சொல்கின்றன. ‘விடாமல்’ என்ற அந்த ஒரு நிபந்தனைக்காக எத்தனை குடும்பங்கள் ஊரில் தாய் செத்த சேதி வந்தும் போகாமல் இருந்தன என்பதை என் அப்பாயி சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

என் அப்பாவின் டிரங்குப் பெட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது. தாத்தாவின் பெயர் ஒரு பத்திரத்தில் ‘அன்’ என்று முடியும், இன்னொன்றில் ‘ஐயா’ என்று முடியும், தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் எழுதிய கணக்கப்பிள்ளை அதில் பாதியை விட்டுவிட்டார். மூன்றும் ஒரே ஆள். காலையில் ஆட்களைக் கூட்டும் பிரட்டுக்களத்தில் குரல் கொடுத்தால் அவர்தான் வருவார். ஆனால் காகிதத்தில் அவர் மூன்று பேர். அந்த மூன்று பேரையும் ஒருவராக்க அப்பா கச்சேரிக்கும் தோட்டத்து ஒஃபிசுக்கும் அலைந்தார். சத்தியக் கடதாசி, துரையின் கடிதம், பிறகு அந்தக் கடிதத்துக்கு ஒரு கடிதம். குகதாஸ் பொதுவாக எழுதுகிற ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இந்தப் பெட்டியில் ஒரு கடதாசி இருக்கிறது.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். மனிதர்களிடம் கேட்காமல் இரண்டு அரசுகள் தொகையை முதலில் எழுதின. தொகைக்கு ஏற்ற ஆட்களைப் பிறகு தேடின. அப்பாயியின் தம்பி குடும்பம் இந்தியாவுக்கு எழுதிப் போட்டது. தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கி, நீலகிரியில் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்தில் மறுபடியும் கொழுந்து பறிக்கப் போனார்கள். அங்கே அவர்களுக்குப் பெயர் ‘சிலோன்காரர்கள்’. இங்கே ‘இந்தியாக்காரர்கள்’. 1984இல் கப்பலும் நின்றது. நாடற்றவர் என்று மிஞ்சியவர்களுக்குப் பிரஜாவுரிமை தரும் சட்டங்கள் 1986, 1988 என்று வந்து, 2003இல்தான் வேலை முடிந்தது.

குகதாஸை வாசித்துவிட்டுத் தோட்டத் துரைமார் காலமே சுதந்திரக் காலம், எல்லை திறந்திருந்ததே என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கோப்பித் துரைமாரும் தேயிலைத் துரைமாரும் ஆட்கள் தாராளமாக வர வேண்டும் என்றுதான் விரும்பினார்கள். வந்தவர் போவதைத்தான் விரும்பவில்லை. கங்காணியிடம் முற்பணக் கடன், அந்தக் கடனை எழுதிய ‘துண்டு’. துண்டைப் புதுத் தோட்டம் தீர்த்தால்தான் ஆட்கள் இடம் மாறலாம். 1921இல்தான் அது ஒழிந்தது. அரசின் எல்லையை மட்டும் பார்த்துவிட்டுத் தோட்டத்தின் எல்லையைப் பார்க்காமல் விடுகிற சுதந்திரவாதம் எனக்குப் பாதிச் சுதந்திரவாதம்தான். குகதாஸின் வாதத்தையே நீட்டிக்கொண்டு போனால் துண்டும் அதில் மாட்டும் என்று நினைக்கிறேன். நடமாடும் மனிதரைக் கடதாசியால் கட்டுகிறவர் துரையாக இருந்தால் என்ன, அமைச்சராக இருந்தால் என்ன?

கட்டுவது வருகிறவர்களை மட்டுமல்ல. 2013இல் நம் அரசு ஒரு விதி கொண்டுவந்தது. வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு போக விரும்பும் பெண் குடும்பப் பின்னணி அறிக்கை எடுக்க வேண்டும். 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போக முடியாது. நாவுலயில் என் அயல்வீட்டுச் சிங்களப் பெண் கட்டார் போக முயன்றபோது, அவளுடைய பிள்ளையை யார் பார்ப்பார், கணவன் சம்மதமா என்று அதிகாரிகள் வீட்டுக்கு வந்து விசாரித்தார்கள். அவள் கணவன் கொழும்பில் வேலைக்குப் போனபோது யாரும் வந்து கேட்கவில்லை. தன் தாய், பாட்டி எல்லோரும் பிறந்த மண்ணில் நிற்கிற குடிமகள் அவள். பூட்டன்வரை பத்திரம் வைத்திருப்பவள். 1948இல் அந்தச் சோதனை எங்களுக்கு மட்டும் என்று அவளுடைய பாட்டனார் நினைத்திருக்கலாம். 2022இல் விதியைத் தளர்த்தினார்கள், டொலர் தேவைப்பட்டதால்.

2023 ஆகஸ்டில், மலையக மக்களின் 200 வருடத்தை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்கள் இந்த வீதியால் போனார்கள். ஜூலை 28இல் தொடங்கிய நடை. அவர்கள் கேட்டவற்றில் காணியும் வீடும் இருந்தன. தண்ணீர்ப் போத்தல் கொடுக்க வந்த என் அயல்வீட்டுப் பெண், இவர்கள் ஏன் நடக்கிறார்கள் என்று என்னிடம் கேட்டாள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அவளுடைய குடும்பப் பின்னணி அறிக்கையையும் சேர்த்து வைத்துத்தான் சிங்களத்தில் விளக்கினேன். அவளுக்குப் புரிய நேரமாகவில்லை.

பேராதனை மாணவி இப்போது குகதாஸைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறாள். காணி இல்லாதவரின் வெளியேறும் உரிமையைப் பற்றி அதில் ஓர் அத்தியாயம் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். லயக் காம்பராவுக்கு உறுதி கொடுப்பதும் அரசுதானே டீச்சர், அரசைக் குறைக்கச் சொல்கிறவரிடம் அதை எப்படிக் கேட்பது என்று அவள் கேட்கிறாள். தோட்டக் காணியில் பெரும்பகுதி 1970களில் அரசுடைமையானது, இன்றும் அரசுக்கே சொந்தம், கம்பனிகள் குத்தகைக்குத்தான் வைத்திருக்கின்றன. தன்னிடம் இருப்பதை அதில் இருப்பவர்களுக்கு எழுதிக் கொடுத்தால் அரசு குறையத்தானே செய்யும், அங்கிருந்து தொடங்கு என்றேன்.